கவை எந்த வயிற்றுக் கண்டத்தில்? – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

நான் விலங்கியல் முதுகலை மாணவி. ஊர் மன்னார்குடிப் பக்கம். தாளடி அறுப்பு முடிந்து போட்ட வைக்கோல் போரின் அடியிலும், வாழைக்கொல்லைச் சருகிலும் ஸ்பிரிங்டெயில்கள் (வயிற்றடியில் மடிந்திருக்கும் கவையால் துள்ளும் நுண்ணிய ஆறுகால் உயிரிகள்) நிறையக் கிடைக்கின்றன. அதில் ஒரு வகை நான் பார்த்த எந்த விவரிப்போடும் ஒத்துவரவில்லை. புதிய இனம் என்று நினைக்கிறேன். 70 சதவீத ஆல்கஹாலில் 14 உருப்படிகள் வைத்திருக்கிறேன். நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

"உடல் நீளம் 0.9 முதல் 1.6 மி.மீ. வெளிர்மஞ்சள் நிறம், மார்பின் ஓரத்தில் நீலப்பட்டை. கண்கள் பக்கத்துக்கு ஆறு. உணர்கொம்பில் நான்கு கணு. சிலவற்றில் செதில் உண்டு, சிலவற்றில் இல்லை. துள்ளும் கவை மூன்றாம் வயிற்றுக் கண்டத்தில். கவையின் நுனித்துண்டான மியூக்ரோவில் இரண்டு பல், அடியில் ஒரு முள். நன்றாகத் துள்ளும்."

இதில் இன்னும் என்ன சேர்க்க வேண்டும்? பெயரில் காவேரியைக் கொண்டுவரலாமா, பாட்டி பெயரை வைக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

*

அன்புள்ள மாணவிக்கு,

சேர்ப்பது அப்புறம். முதலில் மூன்று இடங்களைத் திருத்த வேண்டும். மூன்றுமே புதிதாகப் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்.

கவை மூன்றாம் கண்டத்தில் இருக்க வழியில்லை. ஸ்பிரிங்டெயிலுக்கு வயிற்றில் ஆறே கண்டங்கள், அதாவது உடல் வளையங்கள். முதலாவதன் அடியில் வயிற்றுக்குழல். மூன்றாவதில் கவையை மடக்கிப் பிடித்துவைக்கும் சின்னக் கொக்கி. நான்காவதில் கவை. ஐந்தாவதில் இனப்பெருக்கத் துளை, ஆறாவதில் மலத்துளை. சில இனங்களில் கவை குறுகியிருக்கும், சிலவற்றில் இல்லாமலே போகும், உருண்டை உடல் வகைகளில் கண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். ஆனால் உறுப்பு தன் கண்டத்தை விட்டு இடம் மாறாது. உங்களுக்கு மூன்று என்று வந்ததன் காரணம் எளிது: மேலிருந்து எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் உருப்படி சேரும் என்டோமோபிரியிடே குடும்பத்தில் முதல் மார்புக் கண்டத்தின் மேல்தகடு சுருங்கி, இரண்டாவதன் அடியில் ஒளிந்திருக்கும். அதில் மயிரும் இருக்காது. கண்ணில் படும் முதல் தகடு இரண்டாம் மார்புக் கண்டம். அதை முதலாவது என்று தொடங்கினால் வயிற்றின் முதல் கண்டம் மார்பின் கணக்கில் சேர்ந்துவிடும், பிறகு எல்லாமே ஒன்று குறையும். அடிப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். ஒரு ஜோடிக் கால் ஒரு மார்புக் கண்டம். கால்கள் முடிந்ததும் வரும் குழல் வயிற்றின் முதல் கண்டம். இதில் தவறவே முடியாது.

அந்தக் குழலை ஒட்டித்தான் ஸ்பிரிங்டெயில்களுக்குக் கொலம்போலா என்ற அறிவியல் பெயரே வந்தது. 1870இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் லப்பக் வைத்தார், 'பசை', 'முளை' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து. ஒட்டிக்கொள்ளவும் அது உதவுகிறது, ஆனால் அதன் முக்கிய வேலை உடலுக்கு நீரும் உப்பும் எடுப்பது. விவரிப்பில் அதன் முன்பக்கம், பின்பக்கம், பக்கமடல் மூன்றிலும் உள்ள மயிர்களைத் தனித்தனியே எண்ணி எழுத வேண்டும்.

அடுத்தது கண். பக்கத்துக்கு ஆறு என்றால் பெரும்பாலும் எட்டு. ஏ முதல் ஹெச் வரை எழுத்திட்டுச் சொல்லும் எட்டில், ஜி, ஹெச் இரண்டும் மற்றவற்றைவிடச் சிறியவை. கருநீல நிறமித் திட்டில் அமுங்கிக் கிடக்கும். உடலை ஒளி ஊடுருவும்படி தெளிய வைத்த பிறகு எண்ணினால் தெரியும்.

மூன்றாவது, செதில். ஒரே இனத்தில் சிலவற்றுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை என்பது நடக்காது. குப்பிக்குள் உருண்டு உதிர்ந்திருக்கிறது. உதிர்ந்தாலும் செதில் நின்ற குழி தோலில் இருக்கும். உணர்கொம்பு, கால், கவையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என எங்கெல்லாம் குழி இருக்கிறது என்பதே பேரினத்தைப் பிரிக்க உதவும். ஆகவே செதில் உதிராத ஓர் உருப்படியைப் பார்த்து எழுதுங்கள்.

இத்தனையும் திருத்திய பிறகு உங்கள் உருப்படி லெபிடோசிர்டஸ் பேரினத்துக்கு அருகில் வருகிறது: செதில், இரண்டு பல்லும் அடிமுள்ளும் உள்ள மியூக்ரோ. நான்காம் வயிற்றுக் கண்டம் மூன்றாவதைப்போல மூன்று நான்கு மடங்கு நீளமா என்றும் அளந்து பாருங்கள். மியூக்ரோ அரிவாள்போல ஒற்றை முனையாக, அடிமுள் இல்லாமல் இருந்தால் செய்ரா. கண்ணே இல்லாமல் வெளுத்து, எறும்புப் புற்றில் கிடைத்தால் சைஃபோடெரஸ். மூன்றாம், நான்காம் கண்டங்கள் ஏறக்குறைய சம நீளமாக, உணர்கொம்பின் பின்னால் நீள்வட்ட உணருறுப்பு ஒன்றும் இருந்தால் அது ஐசோடோமிடே குடும்பம். நெல்வயலில் இவையும் கலந்தே கிடைக்கும், ஒரே குப்பியில் போட்டிருந்தால் முதலில் பிரியுங்கள்.

'நன்றாகத் துள்ளும்' என்பதை அடித்துவிடுங்கள். கவை நன்றாக வளர்ந்தவை எல்லாம் துள்ளும். நிறத்தை எழுதுங்கள், ஆனால் அதன்மேல் கட்டடம் கட்டாதீர்கள். இந்தக் குடும்பத்தில் ஒரே இனம் பல நிறங்களில் வரும், இரண்டு இனங்கள் ஒரே பட்டையோடும் வரும். ஆல்கஹாலில் மஞ்சள் சீக்கிரம் வெளுக்கும். செதிலின் மினுமினுப்பு உயிரோடு இருக்கும்போதுதான் சரியாகத் தெரியும்.

அப்படியானால் எதை நம்புவது? மயிரை. இந்தச் சொல்லை நம் ஊர் வசவாக ஆக்கிவைத்திருக்கிறது, ஆனால் இங்கே வேறு நல்ல சொல் இல்லை. தலையிலிருந்து நான்காம் வயிற்றுக் கண்டம் வரை பெருமயிர்கள் எந்த இடத்தில், எத்தனை, எந்த வரிசையில் நிற்கின்றன என்ற வரைபடம்தான் புதிய இனத்தின் ஆதாரம். பெருமயிர் உதிர்ந்திருக்கும், பரவாயில்லை. அதன் குழி சிறுமயிரின் குழியைவிட அகலமாகத் தெரியும், அதை எண்ணலாம். உடலின் ஒரு பாதியை மட்டும் வரைவது வழக்கம். ஆனால் எண்ணும்போது இரண்டு பக்கமும் எண்ணுங்கள். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஆறு என்று வருவது சகஜம், அதையும் எழுத வேண்டும். நீளமாக, மெல்லியதாக, தனிக் குழியில் நிற்கும் உணர்மயிர்கள் இரண்டாம் கண்டத்தில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 2 அல்லது 3 என்று வரும். வரைபடத்துக்கு இவைதான் எல்லைக்கல். முதலில் இவற்றைக் குறித்துவிட்டு, மற்றவற்றை இவற்றிலிருந்து எந்தத் திசையில் என்று வையுங்கள்.

கீழுதட்டின் அடிமயிர்களைக் கட்டாயம் பாருங்கள். எம், ஆர், இ, எல்1, எல்2 என்று எழுதும் வாய்பாடு: இழைகள் கிளைத்த மயிருக்குப் பெரிய எழுத்து, வழுவழுப்பானதற்குச் சிறிய எழுத்து. குட்டையாகப் போகும் ஆர் மயிரை எண்ணாமல் விடுவது இங்கே நடக்கும் பிழை. மேலுதட்டு மயிர்கள் வரிசைவாரியாக இந்தக் குடும்பம் முழுக்க 4/5, 5, 4தான், ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். காலில் பெரிய நகத்தின் உள்விளிம்புப் பற்கள் எத்தனை, அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில். துணைநகத்தின் விளிம்பு வழுவழுப்பா ரம்பமா. நகத்துக்கு மேல் நிற்கும் பிடிமயிரின் நுனி தட்டையா கூரா. பின்காலின் தொடைக்கணுவில் முள்மயிர்க் கூட்டம் ஒன்று உண்டு. வயது ஏற ஏற அதன் எண்ணிக்கை கூடும், ஆகவே உடல் நீளத்தோடு சேர்த்தே எழுதுங்கள். உணர்கொம்பின் நுனிக்குமிழ் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள், இன்னொரு உருப்படியில் பாருங்கள். கவைக்கு மனுப்ரியம் (அடித்தண்டு), டென்ஸ் (நடுக்கை), மியூக்ரோ மூன்றின் நீள விகிதம் வேண்டும். டென்ஸின் நுனியில் வரிவளையம் இல்லாத பகுதி மியூக்ரோவைப்போல எத்தனை மடங்கு என்பதும் வேண்டும்.

0.9 மி.மீ. உருப்படியை 1.6 மி.மீ. உருப்படியோடு ஒரே வரியில் எழுதியிருப்பதும் சரியில்லை. ஸ்பிரிங்டெயில் சாகும்வரை தோலுரிக்கும், ஒவ்வோர் உரிப்பிலும் மயிர் கூடலாம். ஐந்தாம் கண்டத்தின் அடியில் இனப்பெருக்கத் தகட்டைப் பாருங்கள். குறுக்கே பிளவாக இருந்தால் பெண், வட்ட மேடாக மயிர் சூழ்ந்திருந்தால் ஆண், தகடே உருவாகாவிட்டால் குஞ்சு. பெயருக்கு ஆதாரமாக வைக்கும் முதன்மை உருப்படி வளர்ந்ததாக இருக்க வேண்டும்.

இவை எதுவும் தெளிய வைக்காமல் தெரியாது. அதற்கு முன் ஒவ்வொன்றையும் வெள்ளைப் பின்னணியிலும் கறுப்புப் பின்னணியிலும் படம் எடுத்துவிடுங்கள், பிறகு நிறம் திரும்பாது. லாக்டிக் அமிலத்தில் ஒரு சொட்டு, குழிச் சில்லு, 50 முதல் 60 டிகிரி சூடு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்வை. கொதிக்கவிட்டால் உடல் வெடித்து, தகடுகள் விலகிவிடும். நிறமி போகாவிட்டால் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓரிரு நிமிடம், பிறகு நன்றாகக் கழுவல். மிச்சச் செதிலை மெல்லிய தூரிகையால் நீவி எடுத்தால்தான் மயிர்க்குழி தெரியும். தலையைத் தனியே எடுங்கள். கவையை நான்காம் கண்டத்தோடு சேர்த்து வெட்டி நிமிர்த்துங்கள். கவை வயிற்றடியில் மடிந்தபடியே பதிந்துவிட்டால் கொக்கியின் பற்களும் தெரியாது, மியூக்ரோவும் தெரியாது. கொக்கியில் பக்கத்துக்கு நான்கு பல்லும் தண்டில் ஒரு மயிரும் இருக்க வேண்டும்.

நுண்ணோக்கிச் சில்லில் பதிக்க ஹோயர் கலவை போதும்: காய்ச்சி வடித்த நீர் 50 மி.லி., அரேபியப் பிசின் 30 கிராம், குளோரல் ஹைட்ரேட் 200 கிராம், கிளிசரின் 20 மி.லி. இதே வரிசையில், ஒன்று முழுதாகக் கரைந்த பிறகே அடுத்தது. பிசின் கரைய ஒரு நாள்கூட ஆகும், அவசரப்பட்டுச் சூடாக்கினால் கலங்கும். கடைத்தெருவில் கட்டியாக விற்பதை வாங்காதீர்கள், பட்டைத்தூள் இருக்கும். குளோரல் ஹைட்ரேட் மயக்க மருந்து, துறை ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் மட்டும் கையாளுங்கள்.

டெல்டாவில் ஹோயருக்கு ஒரு பகை உண்டு, ஐப்பசி கார்த்திகை ஈரம். கலவை காற்றிலிருந்து நீரை இழுத்து இளகும், மூடுசில்லு நகரும், நீங்கள் வரைந்த உருப்படி ஒருநாள் புரண்டு கிடக்கும். 40 முதல் 45 டிகிரியில் ஒரு வாரமாவது காயவைத்து, விளிம்பில் நகப்பூச்சை இரண்டு முறை பூசி, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் படுக்கைவாட்டில் வையுங்கள். பார்ப்பதற்குக் கட்ட மாறுபாட்டு நுண்ணோக்கியும் எண்ணெயில் தோய்க்கும் 100 மடங்கு லென்சும் வேண்டும். சாதாரண ஒளியில் வழுவழு மயிரும் இழைமயிரும் ஒன்றுபோலவே தெரியும்.

14 போதாது, இன்னும் சேகரியுங்கள். மேலே விளக்கு வைத்து, மண் காயக் காய உயிரிகளைக் கீழே இறங்கவைக்கும் புனலில் உங்கள் பக்கத்துக் களிமண்ணை அப்படியே கொட்டி விளக்குப் போட்டால் வெடித்து இறுகி, உயிரிகள் உள்ளேயே சாகும். மண்ணைக் கட்டியாக வெட்டி, மேல்பக்கம் கீழே வருமாறு கவிழ்த்து வையுங்கள். அவை தாம் குடைந்த வழியிலேயே இறங்கிவரும். முதல் இரண்டு நாள் விளக்கைத் தள்ளியே வையுங்கள், மெல்லக் காய வேண்டும். வைக்கோல் அடிச்சருகுக்குப் புனலே வேண்டாம். வாளித் தண்ணீரில் கலக்கினால் மேலே மிதக்கும், தோலில் தண்ணீர் ஒட்டாது. ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் தொட்டு எடுத்துவிடலாம்.

இனிக் கொஞ்சம் கசப்பான சேதி. 'எந்த விவரிப்போடும் ஒத்துவரவில்லை' என்பதை நான் அப்படியே ஏற்கவில்லை. இம்ஸ் 1912இல் இந்தியா, பர்மா, இலங்கை இனங்களை விவரித்தார்; ஹேண்ட்ஷின் 1929இல் தென்னிந்திய இனங்களை எழுதினார். அந்தக் கால விவரிப்புகளில் நிறமும் நகமும் மியூக்ரோவும்தான் இருக்கும், மயிர் வரைபடம் இருக்காது. உங்கள் வரைபடம் அவற்றோடு ஒத்துவராதது இயல்பு, அங்கே ஒப்பிடவே ஒன்றும் இல்லை. பழைய இனமொன்றையே நீங்கள் முதன்முறையாகச் சரியாக வரைந்திருக்கலாம். பிரபு 1971இல் எழுதிய தென்னிந்திய மண், சருகுக் கொலம்போலாக் கட்டுரையையும் பாருங்கள். சந்தேகத்துக்குரிய பழைய இனம் எந்த ஊரில் முதலில் எடுக்கப்பட்டதோ அங்கேயே புதிதாகச் சேகரித்து ஒப்பிட்டால்தான் வாதம் நிற்கும். கட்டுரையில் மற்றப் பகுதிகளைவிட ஒப்பீட்டுப் பகுதி நீளமாக இருந்தாலும் தவறில்லை.

பெயரைப் பற்றி: காவேரியென்சிஸ் என்பது லத்தீனில் சரியாகவே அமையும். பாட்டி பெயர் என்றால் பெண்பால் விகுதி சேர்க்க வேண்டும், ஆண்பாலுக்கான 'ஐ'யைப் போட்டுப் பாட்டியைத் தாத்தாவாக்கிவிடாதீர்கள். இரண்டில் நான் பாட்டி பக்கம். நாளை ஆந்திராவில் இதே இனம் கிடைத்தால் காவேரி என்ற பெயர் பொருந்தாமல் நிற்கும். முதன்மை உருப்படி எது, எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று கட்டுரையில் எழுதாவிட்டால் பெயரே செல்லாது. இணைய இதழ் என்றால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவும் வேண்டும். 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி புதிய இனத்தைக் கண்டவர் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, உருப்படியையும் ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அது கொல்கத்தாவிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகம்.

இப்போதைக்கு அந்த 14ல் ஆறுக்கு மேல் தெளிய வைக்காதீர்கள். இரண்டு மேலிருந்து தெரியும்படி, இரண்டு பக்கவாட்டில், இரண்டு தலையும் கவையும் பிரித்து. மீதி எட்டு ஆல்கஹாலிலேயே இருக்கட்டும். மரபணுவுக்குப் புதிதாக எடுப்பவற்றை நேராக 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்தால் எந்த வாழைக்கொல்லை, எந்த வைக்கோல் போர் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.