பத்தரை மணி வரை அடக்கிவைப்பது யாருக்காக?

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டாவது பிரசவத்தின்போது தொடங்கிய மூலம் மூன்று ஆண்டுகளாக அதிகமாகிவிட்டது. மலம் கழித்த பிறகு சிவப்பாக ரத்தம் சொட்டுகிறது. சதை போல ஒன்று வெளியே வந்து, தானாகவே உள்ளே போய்விடுகிறது. வலி இல்லை. ஆபரேஷனுக்குப் பயந்து எட்டு மாதமாக ஹோமியோபதி எடுக்கிறேன். நக்ஸ் வாமிகா 30 கொடுத்தார்கள். இரண்டு மாதம் ரத்தம் நின்றது, பிறகு மீண்டும் வந்ததால் வீரியத்தை 200 ஆக்கினார்கள். காபியையும் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்திவிட்டேன். வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தனார் உட்பட ஏழு பேர், கழிப்பறை ஒன்று. மாமனார் செய்தித்தாளோடு உள்ளே போனால் அரை மணி நேரம் ஆகும். நான் ஐந்து மணிக்கே எழுந்தாலும் எல்லோரும் கிளம்பிய பிறகு, பத்தரை மணிக்கு மேல்தான் எனக்கு நேரம். அது பழகிவிட்டது. 13 வயது மகளுக்கும் மலச்சிக்கல் இருப்பதால் அதே டாக்டரிடம் அவளுக்கும் உருண்டைகள் வாங்கித் தருகிறேன். கணவருக்கு இதுவரை சொல்லவில்லை. ஹோமியோபதியையே தொடரலாமா, மருந்தை மாற்ற வேண்டுமா, ஆபரேஷன்தான் வழியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, மருந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன். ஐந்து மணிக்கு எழுகிற பெண்ணுக்குப் பத்தரை மணிக்குத்தான் கழிப்பறை கிடைக்கிறது என்பதை, வீட்டு முகவரி சொல்வதுபோல் போகிற போக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். உங்கள் நோய் அந்த ஐந்தரை மணி நேரத்தில்தான் வளர்கிறது. எட்டு மாதங்களில் உங்கள் நாக்கில் கரைந்த எந்த உருண்டைக்கும் அது எட்டவில்லை.

இந்தக் காலைப் பொழுதைப் பல வீடுகளில் பார்த்தவள் நான். ஒரு அடுப்பில் குழம்பு, மறு அடுப்பில் தோசைக்கல், மேடையில் திறந்து வைத்த டிபன் பாக்ஸ்கள். வயிறு முட்டுகிறது. கழிப்பறைக் கதவு சாத்தியிருக்கிறது. இடுப்பை இறுக்கிக்கொண்டு, மூச்சை ஒரு நொடி பிடித்து, தோசையைத் திருப்பிப் போடுகிறாள். சில நிமிடங்களில் அந்த உந்துதல் அடங்கிவிடுகிறது. அப்பாடா என்று அடுத்த கரண்டி மாவை ஊற்றுகிறாள். அந்தச் சில நிமிடங்களில் உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

இரவெல்லாம் ஓய்ந்திருந்த பெருங்குடல் நாம் கண்விழித்ததும் சுறுசுறுப்பாகிறது. சூடாக ஏதாவது குடித்தாலோ, எதையாவது சாப்பிட்டாலோ அதன் அசைவு இன்னும் கூடும். மலம் மலக்குடலுக்கு இறங்கி, ‘போக வேண்டும்’ என்ற உணர்வு வரும். உடம்பு தானாகக் கதவைத் திறந்துவிடும் நேரம் அது. அப்போது அடக்கினால் உந்துதல் ஓய்ந்துபோகிறது, மலம் அங்கேயே தங்குகிறது. நீரை உறிஞ்சுவதுதான் குடலின் வேலை என்பதால் தங்கத் தங்க அது இறுகுகிறது. பத்தரை மணிக்கு நீங்கள் போய் உட்காரும்போது உடம்பின் உதவி இருக்காது, முக்கித்தான் தள்ள வேண்டும். ஆண்டுக்கணக்கில் இப்படி அடக்கினால் உந்துதல் வருவதே மங்கிப்போகும். ‘பழகிவிட்டது’ என்று நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான்.

மூலம் என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நோயல்ல. ஆசனவாயின் உட்புறத்தில் ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தையான திசுக்கள் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. குழாயில் இருக்கும் வாஷர் போல, கசியாமல் மூடுவதற்கு அவை உதவுகின்றன. தொடர்ந்து முக்கினால் அவற்றைப் பிடித்திருக்கும் கட்டுகள் தளர்ந்து, திசுக்கள் வீங்கிக் கீழே சரிகின்றன. இறுகிய மலம் உரசும்போது ரத்தம் சொட்டுகிறது. கர்ப்ப காலத்தில் கருப்பையின் எடை அழுத்துவதாலும் ஹார்மோன் மாற்றத்தால் குடல் மந்தமாவதாலும் பல பெண்களுக்கு அப்போதுதான் இது தொடங்குகிறது. உள்மூலத்தை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். வெளியே வந்து தானாக உள்ளே போவது இரண்டாம் நிலை. விரலால் தள்ள வேண்டியிருந்தால் மூன்றாம் நிலை, தள்ளியும் போகாவிட்டால் நான்காவது. உங்கள் வர்ணனை இரண்டாம் நிலையைப் போல இருக்கிறது. அந்த இடத்தில் வலியை உணரும் நரம்புகள் இல்லை, அதனால் வலியும் இல்லை. வலி இல்லாததால்தான் மூன்று ஆண்டுகளைக் கடத்த உங்களால் முடிந்திருக்கிறது.

இனி மருந்து. ஹோமியோபதியில் மூலத்துக்கு நக்ஸ் வாமிகா, ஈஸ்குலஸ், ஹமாமெலிஸ், ஆலோ போன்றவற்றைக் கொடுப்பார்கள். எதை யாருக்கு என்பதை நோயாளியின் குணங்குறிகளைக் கேட்டு முடிவு செய்வார்கள். போக வேண்டும் என்ற உந்துதல் அடிக்கடி வந்தும் முழுதாகப் போகாதவர்களுக்கு நக்ஸ் வாமிகா என்பது அவர்கள் கணக்கு. அது எட்டிக் கொட்டையிலிருந்து செய்வது. ஒரு பங்கு மருந்தை நூறு பங்காகக் கரைத்து, அதில் ஒரு பங்கை மறுபடி நூறாகக் கரைத்து, இப்படி முப்பது முறை செய்தால் வீரியம் 30. பன்னிரண்டாவது முறையைத் தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. 200 என்பது அதற்கும் எவ்வளவோ அப்பால். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் குழு இருக்கும் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று 2015இல் அறிவித்தது. நானும் அந்த உருண்டைகள் மூலத்தைக் குணப்படுத்தும் என்று நம்பவில்லை. இரண்டு மாதம் ரத்தம் நின்றதே என்பீர்கள். மூலத்தின் ரத்தப்போக்கு வரும், நிற்கும், மீண்டும் வரும். அதன் போக்கே அப்படி. நிற்கிற நேரத்தில் கையில் இருந்த மருந்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

ஹோமியோபதியின் மீது உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் அதன் மூலவரையே கேளுங்கள். சாமுவேல் ஹானிமன் 1810இல் வெளியிட்ட ஆர்கனன் நூல்தான் அந்த மருத்துவத்துக்கு அடிப்படை. நோயைத் தூண்டிக்கொண்டோ, நீடிக்கவைத்துக்கொண்டோ ஒரு காரணம் கண்ணெதிரே இருந்தால், அறிவுள்ள மருத்துவர் முதலில் அதை அகற்றுவார் என்று அதன் ஏழாம் பத்தியின் அடிக்குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். தவிர்க்கக்கூடிய தீங்குகளுக்குத் தொடர்ந்து ஆளாகிறவர்கள் தாமே வரவழைத்துக்கொள்ளும் கோளாறுகள் வாழும் முறையைத் திருத்தினாலே மறையும் என்று எழுபத்தேழாம் பத்தியில் சொல்கிறார். உங்கள் டாக்டர் கழிப்பறையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாரா? காபியை மட்டும் நிறுத்தியிருக்கிறார். ஹானிமன் 1803இல் காபிக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார், அந்தப் பத்தியம் இன்றுவரை தொடர்கிறது. ஆனால் காலையில் குடலைத் தட்டி எழுப்பிய சூடான பானமும் அதோடு உங்களுக்குப் போய்விட்டது. காபி வேண்டாம் என்றால் எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் வெந்நீராவது குடியுங்கள்.

அடுத்தது உங்கள் மீதே எனக்குள்ள கோபம். மூன்று ஆண்டுகளாக ரத்தம் போகிறது. இதுவரை ஒரு மருத்துவர்கூட அந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. மூலம் என்று சொன்னது நீங்கள், அதை ஏற்றுக்கொண்டு உருண்டை கொடுத்தது அவர். ஆசனவாயில் வரும் ரத்தமெல்லாம் மூலம் ஆகிவிடாது. வெடிப்பிலும் வரும், குடல் புண்ணிலும் வரும், குடல் புற்றுநோயிலும் வரும். மலத்தோடு கலந்து வருகிற ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கழிக்கும் வழக்கம் திடீரென மாறுவது, ரத்த சம்பந்தமுள்ள யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தக்கூடாது. எதுவும் இல்லாவிட்டாலும் பரிசோதனை வேண்டும். விரலாலும் சின்னக் குழாய்க் கருவியாலும் பார்க்கிற சோதனை அது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாவட்ட அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். சீட்டு எழுதுகிற இடத்தில் ‘உடம்புச் சூடு’ என்று மழுப்பாமல் ‘மலம் போகும்போது ரத்தம் வருகிறது’ என்று சொல்லுங்கள். இரண்டு குழந்தைகளைப் பிரசவ அறையில் பெற்றெடுத்தவர் நீங்கள், இதற்குக் கூச்சப்படுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் மலம் கறுக்கும், மலச்சிக்கலும் கூடலாம். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் பயத்தைப் பற்றி. இரண்டாம் நிலை என்று உறுதியானால் பெரும்பாலும் கத்தியே தேவைப்படாது. சரிந்த திசுவின் அடியில் சிறிய ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று ஒரு வாரம், பத்து நாளில் அது உதிர்ந்துவிடும். மயக்க மருந்து வேண்டாம், அன்றே வீடு திரும்பலாம். பஸ் நிலையச் சுவர்களில் ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்’ என்று எழுதி வைத்திருக்கும் ஆட்களிடம் மட்டும் தப்பித் தவறியும் போய்விடாதீர்கள். எதையோ ஊசியில் ஏற்றி, புண்ணாக்கி, பிறகு உண்மையிலேயே பெரிய ஆபரேஷனுக்கு வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து உள்ளே போக வேண்டும். அது மூலத்தின் ரத்தப்போக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும் என்பது சோதனைகளில் தெரிந்தது. கீரை, சுண்டல், வாழைத்தண்டு, கேழ்வரகு, தோலோடு கொய்யா எல்லாம் உங்கள் ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கும். குழந்தைகள் மிச்சம் வைத்த தோசையும் நேற்றைய சோறும் உங்கள் காலை உணவாக இருந்தால் அதை இன்றோடு விடுங்கள். இசப்கோல் உமி எடுத்தால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு எடுங்கள், தண்ணீர் போதாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். கழிப்பறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காரக்கூடாது. வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், முக்கக்கூடாது. எரிச்சல் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது மகளைப் பற்றிய வரி. பெண் என்றால் கடைசியில்தான் போக வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் வாயால் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். தினமும் உங்களைப் பார்த்து அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல், தண்ணீர் பாட்டிலை நிறைத்தபடியே திருப்பிக் கொண்டுவருகிறாளா என்று இன்று மாலை பையைத் திறந்து பாருங்கள். அவளுக்கு உருண்டை வேண்டாம். பள்ளிக்குப் புறப்படும் முன் தனக்கென்று பத்து நிமிடம் வேண்டும். அதைக் கொடுப்பது தாயாக உங்கள் கடமை. உங்கள் உடம்பைக் கவனிக்காமல் அவள் உடம்பை மட்டும் காப்பாற்ற உங்களால் முடியாது.

கூட்டுக் குடும்பத்தை மதிக்கிறவள் நான். மாமனார், மாமியாரை விட்டுத் தனியே போங்கள் என்று எந்த மருமகளுக்கும் நான் சுலபமாகச் சொன்னதில்லை. ஆனால் பெரியவர்களுக்கு மரியாதை என்பது ஒரு பெண் தன் மலத்தை அடக்கிவைப்பதில் இருக்கிறது என்று எந்தக் குடும்பமும் நினைக்கக்கூடாது. ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை என்பது சிரமம்தான். முறை வகுத்துக்கொண்டால் அதை நடத்த முடியும். உங்கள் வீட்டில் முறையே இல்லை, யார் வாய் திறக்கவில்லையோ அவர் கடைசி. முடிந்தால் அடுத்த ஆண்டுக்குள் இன்னொரு கழிப்பறை கட்டுங்கள். தீபாவளித் துணிமணியும் வீட்டுச் சுண்ணாம்பும் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

அதுவரைக்கும் நடக்க வேண்டியதை உங்களிடம் சொல்லிப் பயனில்லை. இந்தப் பக்கத்தை மடித்து உங்கள் கணவரிடம் கொடுங்கள். இதற்குக் கீழே இருப்பது அவருக்கு.

தம்பி, உங்கள் மனைவிக்கு மூன்று ஆண்டுகளாக ரத்தம் போகிறது. அவர் உங்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். காலை ஆறு மணியிலிருந்து ஆறேகால் வரை அந்தக் கழிப்பறை அவருக்கு, ஆறேகாலிலிருந்து ஆறரை வரை உங்கள் மகளுக்கு. அந்த அரை மணி நேரம் அடுப்படியில் நீங்கள் நில்லுங்கள். தோசை வார்க்கத் தெரியாவிட்டால் தம்பியையும் கூட்டிக்கொள்ளுங்கள். செய்தித்தாளைத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தால் அவருக்கும் இதே நோய் வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்ல வேண்டியவர் அவருடைய மகன், மருமகள் அல்ல. வரும் திங்கட்கிழமை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மனைவியோடு மருத்துவமனைக்குப் போங்கள்.