மகளின் பார்மசி சான்றிதழை மெடிக்கல் கடைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் டி.பார்ம். (பார்மசி பட்டயப் படிப்பு) முடித்து பார்மசி கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டாள். பக்கத்து ஊரில் புதிதாக மெடிக்கல் திறக்கும் ஒருவருக்கு அவள் சான்றிதழைக் கொடுத்தால் மாதம் நாலாயிரம் கிடைக்கும், கடைக்குப் போகவே வேண்டாம் என்கிறார் ஒரு புரோக்கர். கடையை ஒட்டியே டாக்டர் கிளினிக் இருப்பதால் சட்டச் சிக்கல் வராதாம். ஜெராக்ஸ் வாங்கிப் போயிருக்கிறார். ஒரிஜினலைக் கொடுக்கலாமா? - ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஜெராக்ஸ் போனதே எனக்குக் கவலையாக இருக்கிறது, அதற்கு என்ன செய்வதென்று கடைசியில் சொல்கிறேன்.

சுவரில் மாட்டுவது வெறும் காகிதம்தானே என்று தோன்றும். ஆனால் கடையின் லைசென்ஸில் பார்மசிஸ்ட் என்று உங்கள் மகள் பெயர் ஏறிவிட்டால், டாக்டர் சீட்டுக்கு அங்கே கொடுக்கிற ஒவ்வொரு மருந்தும் அவள் கண்காணிப்பில் போனதாகத்தான் கணக்கு. ஷெட்யூல் எச்1 என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, தூக்க மாத்திரை எல்லாம் அதில் வரும். அவற்றை யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கிற பெண்ணின் கையெழுத்தை அங்கே யார் போடுவார்கள்? கவுன்ட்டர் பையன்தான் போடுவான். நாளைக்கு அந்தக் கடையிலிருந்து போதைக்கு மாத்திரை போனது என்று விசாரணை வந்தால் முதலில் தேடுவது அவளைத்தான். பதிவையே நீக்க கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு, புரோக்கர் அன்றைக்கு போனை எடுக்க மாட்டார்.

பல வருடங்களுக்கு முன் ஒரு அம்மா என் கடைக்கு வந்தார். வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை, புண்ணுக்கு ஏதாவது களிம்பு கொடுங்கள் என்றார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்து நீட்டினார். உள்ளே மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டியது. கவரின் மேல் பால்பாயின்ட் பேனாவில் '1-0-0' என்று எழுதியிருந்தது, அதாவது தினமும் காலையில் ஒன்று. ஒன்பது நாள் போட்டிருக்கிறார். அப்படியே ஆட்டோவில் ஏற்றி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன், ரத்த அணுக்கள் குறைந்து பல நாள் படுத்துப் பிழைத்தார். மருந்து கொடுத்த கடையின் சுவரிலும் சான்றிதழ் தொங்கியது. அதற்குச் சொந்தக்காரர் வேறு மாவட்டத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைத் தடுக்கத்தான் சட்டமே வந்தது. கம்பவுண்டர் காலத்தில் மிக்ஸ்சர் என்ற கலவைத் திரவ மருந்து பாட்டிலின் பக்கவாட்டில் பல்பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருக்கும், ஒரு பல் ஒரு வேளை. கலக்கிக் கொடுப்பவர் படித்தவரா என்று கேட்க ஆளில்லை. யாரும் மருந்து விற்கலாம் என்ற நிலைமையை ஆராய 1930-ல் மருந்தியல் அறிஞர் ஆர்.என். சோப்ரா தலைமையில் குழு போட்டார்கள். 1940-ல் மருந்துச் சட்டம், 1948-ல் பார்மசி சட்டம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இத்தனையும் செய்துவிட்டு, லைசென்ஸ் கொடுக்கிற அன்றைக்குப் பார்மசிஸ்ட்டின் முகத்தைப் பார்ப்பதோடு சரி, அப்புறம் அவர் கடையில் நிற்கிறாரா என்று வருடம் முழுக்க யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்றால் என்ன சொல்வது! வருடா வருடம் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்துப் பிள்ளைகளைப் பட்டயத்தோடு வெளியே அனுப்புகிறோம், கௌரவமான சம்பளத்துக்கு வழி செய்யவில்லை. புரோக்கர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

டாக்டர் பக்கத்தில் இருந்தால் போதும் என்பது, உண்மையான ஒரு விதிவிலக்கைத் திரித்துச் சொல்வது. டாக்டர் தன் நோயாளிக்குத் தன் கிளினிக்கிலேயே மருந்து கொடுக்கலாம், அதற்குப் பார்மசிஸ்ட் வேண்டாம். தன் நோயாளிக்கு மட்டும். கடை மாதிரித் திறந்து வைத்து வருவோர் போவோருக்கு விற்கக் கூடாது, வேறு டாக்டரின் சீட்டுக்கும் கொடுக்கக் கூடாது. நடுவில் கதவு வைத்திருந்தாலும், கடை டாக்டரின் மனைவி பெயரிலேயே இருந்தாலும், பொதுமக்களுக்குச் சீட்டு மருந்து விற்கிற மெடிக்கலுக்குப் பார்மசிஸ்ட் வேண்டும். சீட்டு எழுதுகிறவரும் மருந்து விற்கிறவரும் கூட்டுச் சேரக் கூடாது என்று சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடரிக் 13-ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் போட்டான். எழுதியதை இன்னொரு கண் பார்க்க வேண்டும் அம்மா, அவ்வளவுதான் விஷயம்.

மகளுக்கு வேலை வேண்டுமென்றால் அந்த முதலாளியிடம் புரோக்கர் இல்லாமல் நேரே போய்க் கேட்கட்டும். முழுச் சம்பளம், நியமனக் கடிதம், கடையில் அவளுக்கு ஒரு நாற்காலி. சம்மதித்தால் தாராளமாகச் சேரலாம். அப்போதும் ஒரிஜினலை முதலாளியின் பீரோவில் விடக் கூடாது. வேலையை விட்டு நின்றால் அன்றைக்கே மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஜெராக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பகுதியின் மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநருக்கு, பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, "நான் எந்தக் கடையிலும் பார்மசிஸ்ட்டாகச் சேர ஒப்புதல் தரவில்லை" என்று மகள் கைப்பட எழுதி, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் இந்த வாரமே அனுப்பட்டும். ஒரு நகல் பார்மசி கவுன்சிலுக்கு. வெற்றுத்தாளிலோ பத்திரத்தாளிலோ புரோக்கர் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் அந்தக் கடிதத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். இனி யார் ஜெராக்ஸ் கேட்டாலும் எந்தத் தேதியில் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அதன் நடுவிலேயே குறுக்காக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.