அறிமுகச் சமூகவியலும் அப்பாவும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறேன். கணினி அறிவியல்தான் என் முதன்மைப் பாடம். வேறொரு துறையிலிருந்து ஒரு பாடம் எடுத்தே ஆகவேண்டும் என்பது விதி. 'ஈஸியா மார்க் வரும்' என்று சீனியர்கள் சொன்னதால் அறிமுகச் சமூகவியல் எடுத்தேன்.

முதல் நாலைந்து வாரம் எரிச்சலாகவே இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்குப் புதிதாக ஒரு பெயர் வைக்கிறார்கள் என்று தோன்றியது. குடும்பம் பிள்ளைகளைப் பழக்குவதற்குப் பெயர் 'சமூகமயமாக்கல்'. ஒரே ஆள் வீட்டில் ஒரு மாதிரியும் வேலையிடத்தில் ஒரு மாதிரியும் நடந்துகொண்டால் அது 'சமூகப் பாத்திரம்'. இதற்கு எதற்கு ஒரு துறை?

அப்புறம் கல்வியும் ஏற்றத்தாழ்வும் என்ற பகுதி வந்தது. பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் வைத்துப் பிள்ளைகள் எதுவரை படிப்பார்கள் என்பதை எவ்வளவு தூரம் ஊகிக்க முடிகிறது என்று ஆசிரியர் விளக்கினார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை வந்த முதல் ஆள் நான். அப்பா ஓட்டுநர். கணக்கில் ஏதோ பிசகி இங்கே வந்து சேர்ந்துவிட்டவன் போல அன்றைக்கு வகுப்பைவிட்டு வெளியே வந்தேன். இத்தனை நாள் என் உழைப்பு என்று நினைத்திருந்தது என்னுடையது இல்லையா?

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா வழக்கம்போல 'உழைச்சா மேல வரலாம்டா' என்றார். நான் 'அதெல்லாம் வெறும் கருத்தியல்ப்பா, சமூக அமைப்புதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது' என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. நான் படித்தது சரியா, அவர் சொன்னது சரியா?

கே.

அன்புள்ள கே.,

உங்களை உறுத்துவது கடைசிக் கேள்விதான், தெரிகிறது. ஆனால் 'இதற்கு எதற்கு ஒரு துறை' என்ற முதல் கேள்வியைத் தாண்டித்தான் அங்கே போக முடியும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ வீரர்களிடம் சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டவுஃபர் தலைமையில் மிகப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அதன் முடிவுகள் 1949இல் புத்தகமாக வந்தன. அதே ஆண்டில் இன்னொரு சமூகவியலாளரான பால் லாசர்ஸ்ஃபெல்ட் அதற்கு ஒரு மதிப்புரை எழுதினார். தொடக்கத்திலேயே சில முடிவுகளை வரிசையாகச் சொல்கிறார். அதிகம் படித்த வீரர்களிடம் மனநலக் கோளாற்றின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. கிராமப்புறத்திலிருந்து வந்தவர்கள் நகரத்துக்காரர்களைவிட ராணுவ வாழ்க்கையில் உற்சாகமாக இருந்தார்கள். சண்டை நடந்துகொண்டிருந்தபோது நாடு திரும்பும் ஆசை அதிகமாக இருந்தது, ஜெர்மனி சரணடைந்த பிறகு குறைந்தது.

இதைப் படிக்கும்போதே உங்கள் மனம் காரணங்களை அடுக்கியிருக்கும். படித்தவன் எதையும் அதிகம் யோசிப்பான், அதனால் மனம் உடைவான். கிராமத்து ஆள் கஷ்டத்துக்குப் பழகியவன். உயிருக்கு ஆபத்து இருக்கும்போது வீட்டு நினைப்பு வரத்தானே செய்யும். இதைச் சொல்ல ஓர் ஆய்வு வேண்டுமா என்றுகூடத் தோன்றியிருக்கும். அப்புறம்தான் லாசர்ஸ்ஃபெல்ட் சொல்கிறார்: இவை ஒவ்வொன்றும் ஆய்வு கண்டதற்கு நேர் எதிரானவை. குறைவாகப் படித்தவர்களிடம்தான் அந்த அறிகுறிகள் அதிகம். நகரத்துக்காரர்கள்தான் உற்சாகமாக இருந்தார்கள். போர் முடிந்த பிறகுதான் வீடு திரும்பும் ஆசை பெருகியது. உண்மையான முடிவை முதலில் சொல்லியிருந்தால் அதற்கும் நாம் 'தெரிந்ததுதானே' என்றுதான் சொல்லியிருப்போம்.

நம் மொழியிலேயே பாருங்கள். 'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்' என்கிறோம். 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள்' என்றும் சொல்கிறோம். இரண்டும் அனுபவத்திலிருந்து வந்தவைதான். ஆனால் எது எப்போது, எவ்வளவு பேருக்கு உண்மை என்பதைப் பழமொழி சொல்லாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். உங்களுக்கு எரிச்சலூட்டிய பெயர்கள் எல்லாம் இப்படி எண்ணிப் பார்ப்பதற்கான பிடிகள். எதை எண்ணுகிறோம் என்பதில் ஆளுக்கொரு அர்த்தம் இருந்தால் எண்ண முடியாதே. அந்தப் பெயர்களை வரையறைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பதுதான் பாடத்தின் உயிரை எடுக்கிறது. சமூகவியலின் முன்னோடிகளான மார்க்ஸ், வெபர், டர்க்கைம் மூவரையும் மூன்று பத்தி அட்டவணையாக்கிப் படித்துத் தேர்வு எழுதியவன் நான். அவர்கள் ஒவ்வொருவரும் எந்தக் கேள்வியால் தூக்கம் கெட்டுக் கிடந்தார்கள் என்பது அந்த அட்டவணையில் இல்லை.

டர்க்கைமையே எடுத்துக்கொள்வோம். 1897இல் தற்கொலை பற்றிய அவருடைய நூல் வந்தது. ஒரு மனிதன் எடுக்கும் முடிவுகளில் இதைவிட அந்தரங்கமானது வேறில்லை. ஆனால் ஒரு நாட்டின் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை என்பதையும், நாட்டுக்கு நாடு அது வேறுபடுகிறது என்பதையும் அவர் கவனித்தார். மணமாகாதவர்கள், மணமானவர்கள், புராட்டஸ்டன்டுகள், கத்தோலிக்கர்கள், போர்க்காலம், அமைதிக்காலம் என்று விகிதங்களை ஒப்பிட்டுக்கொண்டே போனார். இறந்துபோன ஆட்கள் ஆண்டுதோறும் வேறு வேறு. விகிதம் மட்டும் அப்படியே நிற்கிறது என்றால், அந்த விகிதத்துக்கென்று ஒரு காரணம் இருக்கவேண்டும். அவர் தேடியது அதைத்தான். குறிப்பிட்ட ஓர் ஆள் குறிப்பிட்ட ஒரு நாளில் ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்ற கேள்விக்கு அந்த நூலில் பதில் கிடையாது. அதைச் சொல்ல அவர் முயலவும் இல்லை.

உங்கள் மனதை அரிப்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். என் முதல் பருவத்தில் எங்கள் ஆசிரியை ஒருநாள் எல்லோர் கையிலும் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார். பெயர் எழுதவேண்டாம், அம்மாவும் அப்பாவும் எதுவரை படித்தவர்கள், பள்ளிக்கூடத்துக்கு வெளியே வீட்டில் யாராவது உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்களா, எழுதிக் கொடுங்கள் என்றார். எல்லாவற்றையும் வாங்கிக் கூட்டிப் பலகையில் கட்டம் கட்டமாக எழுதினார். நான் என் தாளைப் பலகையில் தேடினேன். ஏதோ ஒரு கட்டத்தின் எண்ணிக்கைக்குள் அது போயிருந்தது. அதில் நான் எழுதாமல் விட்டவை, இரவில் கண்விழித்தது, அம்மா வளையலை அடகு வைத்தது, எதுவும் பலகையில் இல்லை. ஆனால் எங்கள் வகுப்பு யாரால் நிரம்பியிருக்கிறது, யார் அங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பது அந்தப் பலகையைப் பார்த்தபோதுதான் எனக்கு முதன்முறையாகத் தெரிந்தது. என் தாளை மட்டும் எத்தனை முறை படித்தாலும் அது தெரிந்திருக்காது.

அன்றைக்கு ஒரு மாணவன் எழுந்து, 'எங்க மாமா பள்ளிக்கூடமே போகல, இன்னைக்குப் பெரிய தொழிலதிபர், அதனால இது தப்பு' என்றான். எந்த அறிமுக வகுப்பிலும் யாராவது ஒருவர் இப்படி எழுவார். மாமாவின் கதை உண்மைதான். ஆனால் நூறு பேரில் எத்தனை பேர் என்று கேட்கும்போது ஒரு மாமாவைக் காட்டி மறுக்க முடியாது. அந்த மாணவன் ஓர் ஆளைக் கொண்டு விகிதத்தை உடைக்கப் பார்த்தான். நீங்கள் விகிதத்தைக் கொண்டு ஓர் ஆளை, அதுவும் உங்களையே, உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே தவறாகத்தான் படுகிறது.

இந்தத் தவறுக்கு ஒரு பங்காளியும் உண்டு. 1950இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் எழுதிய சின்னக் கட்டுரை ஒன்று அதைக் காட்டுகிறது. அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து மாநிலம் மாநிலமாக ஒப்பிட்டார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் வாழும் மாநிலங்களில் எழுத்தறிவில்லாதவர்கள் குறைவாக இருந்தார்கள். அப்படியானால் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு எழுத்தறிவு அதிகம் என்றுதானே நினைப்போம்? ஆள் ஆளாகப் பார்த்தால் அவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்றுக் கூடுதல். உள்நாட்டு மக்கள் நன்றாகப் படித்திருந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான். மொத்தக் கூட்டத்துக்கு உண்மையாக இருப்பதை அப்படியே ஆளுக்கு இறக்கிவிடக்கூடாது என்பதைப் புள்ளியியல் படிப்பவர்களும் இந்தக் கட்டுரையை வைத்துத்தான் கற்கிறார்கள். கணினி அறிவியல்காரரான உங்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஒரு மாதிரியம் (மாடல்) மொத்தத் தரவுக்கும் நன்றாகப் பொருந்துகிறது என்பதற்காக ஒவ்வொரு புள்ளியும் கோட்டின் மீதே உட்கார்ந்திருப்பதில்லை. கோட்டைவிட்டு விலகி நிற்கும் புள்ளியை யாரும் பிழை என்று அழிப்பதும் இல்லை.

ஆகவே, நீங்கள் கணக்கில் பிசகி வந்தவர் இல்லை. உங்கள் உழைப்பு உங்களுடையதுதான். கூடவே இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அதே உழைப்பை, ஒருவேளை அதைவிட அதிகமாகவும் போட்டு, இங்கே வந்து சேராமல் போனவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆசிரியர் பேசியது அவர்களைப் பற்றி. உழைப்புக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 'சமூக அமைப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது' என்ற வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க மாட்டார். அந்த 'எல்லாவற்றையும்' நீங்கள் சேர்த்தது.

சரி, அப்பாவுக்கு வருகிறேன்.

ஹரால்ட் கார்ஃபிங்கெல் என்ற சமூகவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்ததைப் பற்றி 1967இல் வந்த தன் நூலில் எழுதுகிறார். உங்கள் சொந்த வீட்டில் கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை, அங்கே வாடகைக்குத் தங்கியிருக்கும் அந்நியராக உங்களை நினைத்துக்கொண்டு நடப்பதைப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள் என்றார். ஒரு மாணவரின் குறிப்பு என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. குள்ளமாக, பருத்த ஒரு மனிதர் வீட்டுக்குள் வந்தார், என் கன்னத்தில் முத்தமிட்டார், 'ஸ்கூல் எப்படி இருந்தது?' என்று கேட்டார். அந்த மனிதர் அவருடைய அப்பா. இப்படிப் பார்த்தபோது வீட்டிலிருந்த சண்டையும் சிடுசிடுப்பும் தங்கள் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிந்தன என்று மாணவர்கள் எழுதினார்கள். ஆனால் இது எங்கள் வீட்டின் உண்மையான படம் இல்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள். அடுத்த கட்டமாக, அதே அந்நியரைப் போல வீட்டில் நடந்துகொள்ளச் சொன்னார். ரொம்ப மரியாதையாக, கேட்டால் மட்டும் பேசுகிற மாதிரி. பெரும்பாலான வீடுகளில் கலவரமாகிவிட்டது. உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் அப்பா கேட்கவில்லை, எழுந்து போய்விட்டார். அவர் உங்களிடம் சொன்னது ஒரு கோட்பாடு இல்லை என்று நினைக்கிறேன். இரவெல்லாம் வண்டி ஓட்டியதற்கு அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் அது. அதன் பலன் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் நீங்கள் வாடகைக்கு வந்தவரின் கண்ணால் அவரைப் பார்த்துவிட்டீர்கள். அந்தப் பார்வை பொய் இல்லை. அதில் பல விஷயங்கள் தெரியும். ஆனால் ஒருவரிடம் கேட்காமலே அவர் பேச்சுக்கு வகுப்பில் கற்ற பெயரைச் சூட்டிவிட்டால், அதற்குப் பிறகு அவர் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது. முதல் பருவத்தில் நம்மில் பலரும் செய்வது இது. கையில் புதிதாக ஒரு சொல் கிடைத்திருக்கிறது, அதைப் பிரயோகிக்க மிக அருகில் இருப்பவர் வீட்டில் இருக்கிறார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸை உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலையில்லை என்றால் அந்த ஆளின் குணத்தையும் திறமையையும் பார்க்கலாம், 5 கோடி பேர் உழைக்கும் நாட்டில் 1.5 கோடிப் பேருக்கு வேலையில்லை என்றால் அது பொதுப் பிரச்சினை என்று 1959இல் எழுதினார். தேர்வில் இந்த உதாரணம் நிச்சயம் வரும். ஆனால் அவர் கேட்டது இந்தப் பாதி மட்டும் இல்லை. வரலாறும் ஒரு தனி மனிதரின் வாழ்க்கைக் கதையும் எந்த இடத்தில் வந்து சந்திக்கின்றன என்பதைப் பார்க்கச் சொன்னார். வகுப்பில் நாம் வரலாற்றுப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கதைப் பக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. என் அம்மாவிடம் கேட்கவேண்டியதையெல்லாம் அவர் போன பிறகுதான் யோசித்தேன்.

அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அந்தப் பழைய பேச்சை எடுத்து விளக்கம் சொல்ல வேண்டாம். வண்டி ஓட்ட எப்போது, யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். முதல் வண்டியை நம்பி ஒப்படைத்தது யார், அந்த ஆளை எப்படித் தெரியும்? கூடவே கற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? படிப்பை எந்த வகுப்போடு விட்டீர்கள், அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது? அவருடன் ஓட்டியவர்களில் யாருடைய பிள்ளைகள் மேலே படிக்கிறார்கள், யாருடைய பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், ஏன் என்று அவர் நினைக்கிறார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவரிடம் இருக்கும் பதில் உங்கள் பாடநூலில் இருப்பதைவிட நுணுக்கமாக இருக்கலாம். அவர் கணக்குப் பார்க்காதவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

பருவத்தின் கடைசியில் பெரும்பாலும் ஒரு நேர்காணல் கட்டுரை எழுதச் சொல்வார்கள். எழுதச் சொல்லாவிட்டாலும் எழுதுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க வேண்டாம், அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். நோட்டைத் திறப்பதற்கு முன், 'எழுதிக்கலாமாப்பா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.