பாஸ்வேர்டு மாடியூல் லோடு ஆகவில்லையா? ஹேஷ் போட்டு மூடிவிடாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் துணைப்பாட நிலையம் நடத்துகிறேன். பெற்றோர் பாஸ்வேர்டு கொடுத்துப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்க்க எங்கள் தளத்தில் ஒரு பகுதி உண்டு. பழைய சென்ட்ஓஎஸ் 6 சர்வரிலிருந்து உபுண்டுவுக்கு (இரண்டும் லினக்ஸ் இயங்குதளங்கள்) மாறியதும், தளத்தை நடத்தும் அப்பாச்சி மென்பொருள் ஸ்டார்ட் ஆகவில்லை. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் துணை ஃபைலான மாடியூல் லோடு ஆகவில்லையாம். கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் அதை லோடு செய்யும் வரியை இப்போதைக்கு ஹேஷ் (#) போட்டு எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் வேறு சர்வர் வாங்குங்கள் என்கிறார் வெண்டர். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம்.

அப்பாச்சியின் கான்ஃபிக்கைச் சோதிக்கும் 'கான்ஃபிக்டெஸ்ட்' கட்டளையை ஓட்டி, வரும் பிழைச் செய்தியை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். வெண்டரின் விளக்கவுரை தேவையில்லை. அதில் எதிர்பார்த்தது 41503234, கண்டது 41503232 என்று இருந்தால், அப்பாச்சியின் பழைய 2.2 பதிப்புக்குக் கம்பைல் செய்த மாடியூலைப் புதிய 2.4-இல் செருகியிருக்கிறார்கள். அந்த எண்களை எழுத்தாக்கினால் 'ஏபி24', 'ஏபி22' என்றுதான் வரும். 'அன்டிஃபைன்டு சிம்பல்: ஏபி_ரிக்வயர்ஸ்' என்று வந்தாலும் அதே கதைதான். பழைய சர்வரின் ஃபைலைக் காப்பி அடித்திருக்கிறார்கள். 2.4 வெளிவந்தது 2012-இல்! இன்னமும் இதைச் செய்துவிட்டு கோட்டேஷனை நீட்டுகிறார்களே, என்ன சொல்ல? வேறு சர்வர் வாங்கினாலும் அதே ஃபைல்தான் அங்கே போய் உட்காரும்.

உபுண்டுவின் சொந்தப் பேக்கேஜிலிருந்து மாடியூலைப் போட்டு, 'ஏ2என்மாட்' என்ற கட்டளை கொடுத்து இயக்கினால் போதும். பாஸ்வேர்டுகள் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருந்து, அதற்கான பழைய மாடியூல் கிடைக்காவிட்டால், அப்பாச்சியோடு வரும் 'ஆத்என்_டிபிடி' மாடியூல் அந்த வேலையைச் செய்யும்.

பயனர் விவரங்களை ஒரே இடத்தில் வைக்கும் எல்டாப் டைரக்டரி மட்டும் வேறு மாதிரி. அதில் ஃபைல் சரியாகவே இருக்கும், ஆனாலும் ஓடாது. அதற்கான பாஸ்வேர்டு மாடியூல் 'ஆத்என்இசட்_எல்டாப்' தனியாக நிற்காது. 'எல்டாப்' என்ற இன்னொரு மாடியூலும் கூடவே லோடு ஆகியிருக்க வேண்டும். 'ஏ2என்மாட்' கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே வரும். பழைய கான்ஃபிக்கிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி ஒட்டினால் வராது. உங்கள் பாஸ்வேர்டு எல்டாப்பில் இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

சரி, அந்த வரியை எடுத்தால் என்ன ஆகும்? பாஸ்வேர்டு கேட்கும் வரிகளைப் பல இடங்களில் 'இஃப்மாடியூல்' என்ற உறைக்குள் எழுதியிருப்பார்கள். மாடியூல் இல்லையென்றால் அவ்வளவையும் தாண்டிப் போய்விடு என்று அர்த்தம். அப்பாச்சி முணுமுணுக்காமல் எழும், தளம் ஓடும், பில்லும் வரும். மதிப்பெண் பக்கம் ஊருக்கே திறந்திருக்கும். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரம் கசிந்து, அது அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்டுவிட்டால், 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு உங்கள் நிலையத்தின் தலையில்தான் விழும். "வெண்டர் செய்தார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வரியை ஏற்கெனவே எடுத்திருந்தால், கைப்பேசியில் பிரைவேட் விண்டோ திறந்து அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்கவில்லையா? அந்த ஃபோல்டரை உடனே தளத்துக்கு வெளியே நகர்த்தச் சொல்லுங்கள். அப்புறம், ஆக்சஸ் லாகை யாரும் அழிக்க விடாதீர்கள். யார் யார் வந்து பார்த்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.