பல் டாக்டர் ஆகாமல் பல் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

ஐயா, உங்கள் மகள் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் இறுதியாண்டு படிக்கிறாள். பல் அடைக்கும் பொருள்களின் மேல் கிருமிகள் எப்படிப் படலமாகப் படிகின்றன என்பதையே மேற்கொண்டு ஆராய வேண்டும் என்கிறாள். "டாக்டர் அல்லாதவளுக்குப் பல்லில் என்ன வேலை? பி.எட். முடித்து ஆசிரியை ஆகட்டுமே" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவளைத் தடுக்காதீர்கள்.

அடைத்த பல்லே மறுபடி சொத்தையாவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். டாக்டர் சரியாக அடைக்கவில்லை என்று பழி போடுகிறோம். வாய்க்குள் நடக்கும் கதை அவ்வளவு எளிதல்ல. எச்சிலில் உள்ள புரதங்கள் சில நிமிடங்களிலேயே அடைப்பின் மேல் மெல்லிய ஏடாகப் படிந்துவிடும். அதைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாக்கள் குடியேறும். அவற்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், நாம் உண்ணும் சர்க்கரையிலிருந்து பசையை உண்டாக்கிப் படலத்தைக் கெட்டிப்படுத்தும், அமிலத்தையும் சுரக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட், ஒளி பட்டு இறுகும்போது சற்றே சுருங்குவதால் விளிம்பில் நுண்ணிய இடைவெளி விழக்கூடும். கிருமிக்கு அதுவே வாசல். கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு அடைப்புப் பொருள், சொத்தையைத் தடுக்க உதவும் ஃபுளோரைடை வெளிவிடும், ஆனால் உறுதி குறைவு. இரண்டின் நற்குணமும் சேர்ந்த பொருளைத் தேடும் வேலைக்குப் பல் டாக்டர் மட்டும் போதாது. கிருமியை அறிந்தவர் கட்டாயம் வேண்டும். உங்கள் மகள் படிப்பது அதைத்தான்.

அவளுக்கு இது ஒத்துவருமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. வேலை இப்படி இருக்கும்: அடைக்கும் பொருளைச் சட்டைப் பொத்தான் அளவு வில்லைகளாக வார்த்து, எல்லாவற்றையும் ஒரே சீராக மெருகேற்ற வேண்டும். மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினாலே கிருமிகள் கூடுதலாக ஒட்டும் என்பது இத்துறையில் பலரும் கைக்கொள்ளும் அளவு. பிறகு எச்சிலில் ஊறவைத்து, சர்க்கரை கலந்த ஊட்டக் கரைசலில் கிருமியோடு சேர்த்து, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைத்திருந்து, ஒட்டாத கிருமிகளைக் கழுவி, ஊதாச் சாயம் ஏற்றி, எவ்வளவு படலம் ஒட்டியிருக்கிறது என்று அளக்க வேண்டும். கழுவும்போது கை கொஞ்சம் வேகப்பட்டால் படலமே பெயர்ந்து போகும். 'இந்தப் பொருளில் கிருமி வளரவில்லை' என்ற பொய்யான முடிவு கிடைக்கும். அதை நம்பி ஒரு நோயாளியின் வாயில் அந்தப் பொருளை வைத்தால் என்ன ஆகும்? அதனால்தான் ஒரே சோதனையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் பொறுமை மதிப்பெண்ணை விட முக்கியம் என்கிறேன்.

வருமானம் தாமதமாகத்தான் வரும். அதை மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு. அதன்பின் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். சார்பில் நடக்கும் நெட் என்ற தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) தகுதி பெற்று பிஎச்.டி.யில் சேர்ந்தால், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தில், உடலில் பொருத்தும் பொருள்கள் போன்றவற்றை ஆராயும் உயிரி மருத்துவத் தொழில்நுட்பத்துக்குத் தனி வளாகமே இருக்கிறது. ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும், இதே கைப்பழக்கம் மருந்து, உணவு நிறுவனங்களின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் உதவும். பி.எட். எங்கும் ஓடிவிடாது.

எம்.எஸ்சி. சேர்க்கைக்கு முன், அவள் சேர நினைக்கும் கல்லூரியின் ஆய்வகத்துக்கு நீங்களும் அவளோடு போய்ப் பாருங்கள். பல் மருத்துவக் கல்லூரி எதனுடனாவது சேர்ந்து வேலை செய்கிறார்களா, எச்சில் மாதிரி எடுக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குகிறார்களா, படலத்தை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கான்ஃபோக்கல் நுண்ணோக்கி இல்லையென்றால் மாதிரிகளை எங்கே அனுப்புகிறார்கள், அந்தக் கட்டணம் யார் தலையில் விழும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள்.