அரை மணி நேரத்தில் கூலிங் நின்றுபோகும் கார் ஏசி: கேஸா, கரண்டா?

கேள்வி: காரில் ஏசி போட்டதும் நன்றாகக் குளிர்கிறது. அரை மணி நேரம் ஓடியதும் வெறும் காற்றுதான் வருகிறது. வண்டியை நிறுத்தி ஆறவிட்டு எடுத்தால் மறுபடி சரியாகிவிடுகிறது. கேஸ் குறைவு என்று நிரப்பினார்கள், பலனில்லை. இது எலக்ட்ரிக்கல் கோளாறா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கு என் முதல் சந்தேகமும் எலக்ட்ரிக்கல் கோளாறுதான். கேஸ் குறைந்திருந்தால் பொதுவாக ஆரம்பத்திலிருந்தே கூலிங் மந்தமாக இருக்கும். ஆறவிட்டதும் பழையபடி ஜில்லென்று ஆகாது.

இந்த வகைக் கோளாறில் ஒரு தொல்லை உண்டு. ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போனதும் வண்டி நல்ல பிள்ளை ஆகிவிடும். அந்த நேரத்தில் மீட்டர் வைத்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். குளிர்ச்சி நின்ற அந்த நிமிடத்தில், இன்ஜினை அணைக்காமல் பார்த்தால்தான் எதுவும் பிடிபடும்.

அதற்கு முன் இதே மாதிரி தோன்றும் இரண்டு கோளாறுகளை ஒதுக்கிவிடுங்கள். காற்றின் வேகமும் சேர்ந்து குறைந்தால், எவாப்பரேட்டரில், அதாவது டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் பாகத்தில், ஐஸ் கட்டுகிறது என்று பொருள். அங்கே பார்க்க வேண்டியது வெப்பநிலை சென்சாரை. நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓடும்போது குளிர்ந்தால் முன்பக்கம் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் ஃபேனைப் பாருங்கள்.

சரி, இரண்டும் இல்லையா? வண்டியை ஓரமாக நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஏசியை ஓடவிட்டே பானெட்டைத் திறங்கள். தொங்கும் துணி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. கேஸை அழுத்தும் காம்ப்ரசரின் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதன் முன்னால் உள்ள தட்டு, அதாவது கிளட்ச் பிளேட், சேர்ந்து சுற்றுகிறதா? சுற்றினால் கரண்ட் கிளட்ச் வரை ஒழுங்காக வருகிறது. குறை கேஸ் பக்கமோ காம்ப்ரசருக்குள்ளோ. சும்மா நின்றால் மல்டிமீட்டரை எடுங்கள்.

அந்தத் தட்டைக் காந்தமாகி இழுத்துப் புல்லியோடு ஒட்டவைப்பது கிளட்ச் காயில். அதற்குப் போகும் கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக மீட்டர் ஊசியைச் செருகி வோல்டேஜ் பாருங்கள். கழற்றிப் பார்ப்பதுதான் பலரும் ஏமாறும் இடம். சுமை இல்லாதபோது, துருப்பிடித்த கனெக்ஷன் வழியாகக்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். காயில் மூன்று நான்கு ஆம்பியர் இழுக்கும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும். பேட்டரியில் 13.8 இருந்து இங்கே 11 தான் வந்தால், இடையில் எங்கோ தின்றுபோகிறது. எர்த் பக்கத்தையும் விடாதீர்கள்: காயிலின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள்.

வோல்டேஜ் முழுதாக வந்தும் பிளேட் ஒட்டவில்லை என்றால் குறை கிளட்சிலேயே. உங்கள் வண்டியில் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். காயில் என்பது செம்புக் கம்பி; ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.4 சதவீதம் ரெசிஸ்டன்ஸ் கூடும். 25 டிகிரியில் 3.6 ஓம் இருந்தது 105 டிகிரியில் 4.7 ஓம் ஆகும். கரண்ட் கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். காந்த இழுப்பு அதைவிட மோசமாகக் குறையும். கூடவே பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் தேய்மானத்தால் இடைவெளியும் கூடியிருந்தால் இழுத்து ஒட்டவைக்கத் தெம்பிருக்காது. ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பிடி விடாது. ஒருமுறை கட் ஆகி, சூட்டோடு மறுபடி சேர வேண்டிய போதுதான் தடுமாறும். அரை மணி நேரக் கணக்கு அதனால்தான்.

இன்ஜினை அணைத்ததும் அந்த இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவை மேனுவலில் சரிபாருங்கள். அதிகமாக இருந்தால் உள்ளே உள்ள ஷிம் (மெல்லிய வாஷர்) ஒன்றை எடுத்தாலே போதும். அப்புறம், சூடு ஆறுவதற்குள் காயிலின் ஓம் அளவையும் எடுத்துவிடுங்கள். அளவே காட்டாவிட்டால், சூட்டில் உள்ளே கம்பி விட்டுப்போகிறது. காயிலை மாற்றத்தான் வேண்டும்.

வோல்டேஜே வரவில்லை என்றால் பின்னோக்கிப் போங்கள். ஃபியூஸ் ஒருமுறை போனால் ஆறியதும் தானாகச் சரியாகாது, அதனால் அதைக் கடைசியாகப் பாருங்கள். கிளட்சுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் ஸ்விட்சான ரிலேவை, ஃபியூஸ் பாக்ஸில் அதே எண் போட்ட வேறொரு ரிலேவோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால், ரிலேவின் காயிலுக்கு உத்தரவு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பிரஷர் சென்சார் தடுத்திருக்கலாம், அல்லது இன்ஜின் சூடு ஏறியதால் ஈசியூவே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஏசியை நிறுத்தியிருக்கலாம். அதற்கு ஸ்கேனர்தான் வழி. பிரஷர் ஸ்விட்சை ஒயர் போட்டு ஷார்ட் செய்து ஓட்டும் குறுக்குவழி மட்டும் வேண்டாம். கேஸ் உண்மையிலேயே இல்லை என்றால் ஆயில் சுற்றாமல் காம்ப்ரசர் சிக்கிப்போகும். மூன்று ஒயர் சென்சாரில் அந்த வித்தை பலிக்கவும் செய்யாது.

சில புது வண்டிகளின் காம்ப்ரசரில் கிளட்சே இருக்காது. அங்கே மேற்சொன்ன பிளேட் பார்க்கும் வேலை பயன்படாது. எலக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிகளில் உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடவே வேண்டாம்.

காயிலும் கிளட்சும் காம்ப்ரசருக்கு வெளியே இருப்பவை. பெரும்பாலும் கேஸை வெளியேற்றாமலே மாற்றலாம். முழு காம்ப்ரசரையும் மாற்றச் சொன்னால், கோளாறு இருந்த நேரத்தில் காயிலில் எத்தனை வோல்ட் இருந்தது என்று கேளுங்கள்.