ஹப்பில் எத்தனை போர்ட் என்பதை அப்புறம் பாருங்கள்

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் பின்னால் நான்கு, முன்னால் இரண்டு என்று ஆறு யுஎஸ்பி போர்ட்கள். கீபோர்டு, மவுஸ், பிரின்டர், வெப்கேம், ஹெட்செட், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் என்று ஆறும் நிரம்பிவிட்டன. பென் டிரைவ் செருக வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. ஒரு போர்ட்டைப் பல போர்ட்களாகப் பிரித்துத் தரும் ஹப் வாங்கலாம் என்று பார்த்தால் நான்கு போர்ட், ஏழு போர்ட், பத்து போர்ட், அடாப்டரோடு வருவது, இல்லாமல் வருவது என்று தலை சுற்றுகிறது. எதை வாங்குவது?

பதில்: போர்ட் எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம். முதலில் பெட்டிக்குள் அடாப்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அடாப்டர் செருகும் துளையை மட்டும் வைத்துவிட்டு, அடாப்டரை நம்மையே வாங்கிக்கொள்ளச் சொல்லும் ஹப்களும் உண்டு.

கணினியின் யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று, விதிப்படி 500 மில்லி ஆம்பியர் தர வேண்டும். அதற்கு அடுத்த தலைமுறையான 3.0 போர்ட் என்றால் 900. அடாப்டர் இல்லாத ஹப் இந்த ஒரு போர்ட்டில் கிடைப்பதை வைத்துத்தான் தன்னிடம் இருக்கும் எல்லாப் போர்ட்களுக்கும் பந்தி நடத்த வேண்டும். ஹப் தனக்கென்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இப்படிப்பட்ட 2.0 ஹப்பில் போர்ட்டுக்கு 100 மில்லி ஆம்பியர், 3.0 ஹப்பில் 150 என்று விதியில் கணக்கு வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் பல ஹப்கள் இதை அளந்து கொடுப்பதில்லை. கேட்டவற்றுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தாங்க முடியாதபோது வோல்டேஜ் சரிந்து எல்லாவற்றையும் சேர்த்துப் படுக்க வைத்துவிடும்.

இதை நான் அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டேன். அடாப்டர் இல்லாத நான்கு போர்ட் ஹப் ஒன்றில் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்கைச் செருகினேன். டிக், டிக், டிக் என்று சத்தம். திரையில் டிரைவ் தோன்றும், நான் ஃபோல்டரைத் திறப்பதற்குள் மறைந்துவிடும், திரும்பவும் தோன்றும். டிஸ்க் போய்விட்டது என்றே முடிவுகட்டி, பத்து வருடப் புகைப்படங்களை நினைத்து வியர்த்துப்போனேன். கடைசியில் கணினியின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில்தான் அதற்கு மின்சாரம் மிக அதிகமாக வேண்டும். அது கிடைக்காமல் முயன்று முயன்று நின்றுபோனதுதான் அந்த டிக் சத்தம். ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போது இப்படி நின்றால் ஃபைல் கெட்டுப்போகவும் வாய்ப்பிருக்கிறது.

சரி, அடாப்டர் இருக்கிறது. அடுத்து அதன் முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் மொத்தம் 10 வாட். ஏழு போர்ட் 3.0 ஹப்பில் எல்லாப் போர்ட்டும் தலா 900 மில்லி ஆம்பியர் கேட்டால் 6.3 ஆம்பியர், அதாவது 31.5 வாட் வேண்டும். 10 வாட் அடாப்டரோடு ஏழு போர்ட் ஹப் விற்கிறார்கள் என்றால் இலை ஏழு, சோறு இரண்டு பேருக்கு என்று அர்த்தம். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 36 வாட். அவர்கள் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். வீட்டு உபயோகத்தில் ஏழு சாதனமும் ஒரே நேரத்தில் முழுதாக உறிஞ்சுவது அபூர்வம், அதனால் 5 வோல்ட், 4 ஆம்பியர் இருந்தாலே பெரும்பாலோருக்குப் போதும். ஒரு எச்சரிக்கை: 5 வோல்ட் ஹப்பிலும் 12 வோல்ட் ஹப்பிலும் துளை ஒரே அளவில் இருக்கலாம். மோடத்தின் அடாப்டர் சரியாகப் பொருந்துகிறதே என்று அதைச் செருகி ஹப்பைக் கருக்கிவிடாதீர்கள்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். ஹார்டு டிஸ்க், வெப்கேம், கீபோர்டு மூன்றும் கணினியிலேயே நேராக இருக்கட்டும். டிஸ்க்குக்குக் காரணம் மேலே சொன்னது. வெப்கேம் ஓடும் நேரம் முழுக்கப் படத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கீபோர்டு, விண்டோஸ் ஏறுவதற்கு முன் பயாஸுக்குள், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரைக்குள், போக வேண்டிய அன்று உதவும். சில கணினிகள் அந்த நேரத்தில் ஹப்புக்குப் பின்னால் இருக்கும் கீபோர்டைக் கண்டுகொள்வதில்லை. மவுஸ், பிரின்டர், ஹெட்செட், பென் டிரைவ் நான்கையும் ஹப்புக்கு மாற்றலாம். நான்கு போர்ட் 3.0 ஹப், அடாப்டரோடு வாங்குங்கள். இன்றைய பட்டியலுக்கு அடாப்டர் இல்லாததே ஓடிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஹப்பில் ஒரு போர்ட் காலியாக இருந்தால் அதில் ஒருநாள் டிஸ்க்கைச் செருகாத ஆளை நான் பார்த்ததில்லை.

கேள்வி: 5 ஜிபிபிஎஸ் என்று போட்ட 3.0 ஹப் வாங்கினேன். டிஸ்க்கிலிருந்து படம் காப்பி செய்தால் நொடிக்கு 35 எம்பியைத் தாண்டவில்லை. போலியா?

பதில்: அப்படி முடிவுகட்டுவதற்கு முன் ஹப்பின் கேபிளைக் கணினியில் எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 35, 40 எம்பியில் நிற்கிறது என்றால் இணைப்பு 2.0 வேகத்தில் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். 2.0 என்பது 480 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் கைக்கு வருவது இவ்வளவு எம்பிதான். 3.0 போர்ட்டின் உள்நாக்கு பெரும்பாலும் நீலமாக இருக்கும். நிறத்தை முழுதாக நம்ப வேண்டாம், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். 2.0இல் நான்கு உலோகப் பட்டைகள்தான், 3.0இல் இன்னும் ஐந்து சேர்ந்து ஒன்பது.

போர்ட் சரியாக இருந்தும் வேகம் வரவில்லையா? கேபிளைப் பிடுங்கி, தயங்காமல் ஒரே அழுத்தாகச் செருகுங்கள். பிளக்கில் 2.0 பட்டைகள் முன்னாலும் கூடுதல் ஐந்து பின்னாலும் இருப்பதால், மெதுவாகச் செருகினால் சிலசமயம் கணினி 2.0 என்று முடிவெடுத்து அதிலேயே நின்றுவிடும். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் பலிக்கும்.

பழைய மவுஸைப் போட்டால் மொத்த ஹப்பும் 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும் என்று சொல்வார்கள். அது தவறு. 3.0 ஹப்புக்குள் உண்மையில் இரண்டு ஹப்கள் இருக்கின்றன, பழைய சாதனங்களுக்கு ஒன்று, வேகமானவற்றுக்கு ஒன்று. இரண்டும் தனித்தனிக் கம்பிகளில் போகின்றன. ஆனால் இரண்டு டிஸ்க்குகளை ஒரே ஹப்பில் போட்டு இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கணினிக்குக் காப்பி செய்தால், அந்த 5 ஜிபிபிஎஸ் பாதையை இரண்டும் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும். சுழலும் டிஸ்க்குகளுக்கு அது தாராளம். சுழலும் பாகமே இல்லாத, வேகமான எஸ்எஸ்டி என்றால் இடிக்கும்.

பெயர்களில் குழம்ப வேண்டாம். 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒரே 5 ஜிபிபிஎஸ்தான், பெயரை மட்டும் மாற்றி மாற்றி வைத்தார்கள். பெட்டியில் ஜிபிபிஎஸ் எண்ணைத் தேடுங்கள். டைப்-சி என்பதும் பிளக்கின் வடிவம்தான், வேகத்துக்கு உத்தரவாதம் இல்லை.

கேள்வி: ஹப் வைத்த பிறகு வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது. பேட்டரி மாற்றியும் பயனில்லை.

பதில்: மவுஸோடு வந்த குட்டி ரிசீவர், அதாவது டாங்கிள், ஹப்பில், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்குப் பக்கத்துப் போர்ட்டில் இருக்கிறதா? யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது கிளம்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவும். உங்கள் மவுஸ் பேசுவதும் அங்கேதான். இன்டெல் 2012லேயே இதை அளந்து வெளியிட்டது. டாங்கிளை ஒரு 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி, ஹப்பிலிருந்து ஒரு கை தள்ளி, மவுஸ் பக்கமாக வையுங்கள். கணினியின் முன்பக்க 2.0 போர்ட் காலியாக இருந்தால் கேபிள்கூட வேண்டாம்.

கேள்வி: கணினியை அணைத்த பிறகும் கேபினெட்டுக்குள் ஒரு விளக்கு எரிகிறது. அடாப்டர் வைத்த ஹப் வந்த பிறகுதான் இதைக் கவனித்தேன். ஆபத்தா?

பதில்: ஒரு சோதனை செய்யுங்கள். கணினியை அணைத்து, அதன் பவர் கேபிளையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ஹப்பின் அடாப்டர் மட்டும் ஓடட்டும். ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். விளக்கு அணைந்திருந்தால் பிரச்சினை ஹப்பில் இல்லை, அணைத்த பிறகும் மதர்போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் வந்துகொண்டிருப்பது வழக்கம்தான். பயாஸில் இஆர்பி என்ற பெயரில் ஒரு அமைப்பு இருந்தால் அதை இயக்கி நிறுத்தலாம்.

அப்போதும் எரிந்தால், ஹப் தன் அடாப்டரின் மின்சாரத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குள் திருப்பி அனுப்புகிறது. விதிப்படி இது கூடவே கூடாது. தடுக்க வேண்டிய சிறு பாகத்தை மிச்சம் பிடித்திருப்பார்கள். கணினி சரியாக அணையாமல் போகலாம், போர்ட்டும் பழுதாகலாம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சமாதானம் வேண்டாம். ஹப் எதுவானாலும் வாங்கிய முதல் வாரத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது, திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

கேள்வி: ஒரு ஹப்பில் இன்னொரு ஹப்பைச் செருகலாமா?

பதில்: செருகலாம். வரிசையாக ஐந்து ஹப் வரை விதி அனுமதிக்கிறது. ஏழு போர்ட் ஹப் வைத்திருந்தால் ஏற்கெனவே செய்துகொண்டும் இருக்கலாம்: பலவற்றில் உள்ளே நான்கு போர்ட் சிப் இரண்டு, ஒன்றின் கடைசிப் போர்ட்டில் மற்றது. நான்கும் நான்கும் எட்டு, இணைக்கப் போனது ஒன்று, மீதி ஏழு. ஆனால் எத்தனை அடுக்கினாலும் எல்லாம் போய்ச் சேருவது கணினியின் அந்த ஒரே போர்ட்டில்தான். இரண்டாவது ஹப் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால், மதர்போர்டில் கூடுதல் கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேபினெட்டைத் திறந்து பாருங்கள். அதில் யுஎஸ்பி கார்டு ஒன்றைப் போட்டால் புதிதாகத் தனிப் பாதையே கிடைக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.